கொடு என்றால் வளைவு

'கொடுங்கோல் செயலாளர் சார்.'

ஊரப்பாக்கம் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு புது எண்ணிலிருந்து வந்திருந்தது. பெயரில்லை, படமில்லை. யாரென்று செயலாளர் திருநாவுக்கரசுக்குப் பிடிபடவே இல்லை.

அவர் செய்ததெல்லாம் ஒழுங்குக்காகத்தான். யாரோ கொடுக்காப்புளி பறிக்கப்போய், கிளை முறிந்து கீழ்வீட்டு ஜான்சனின் கார்மேல் விழுந்தது. காய் பறிக்கும் தொரட்டிக்கோலைச் சங்க அறையில் வைத்துப் பூட்டினார். இனி எது வேண்டுமானாலும் குழுவில்தான் கேட்க வேண்டும், நேரில் யார் கேட்டாலும் கிடையாது என்றார்.

ஜான்சன் படியேறி வந்தார். "அண்ணாத்த, கொடுங்கோல்னா இன்னா? திட்டா, பாராட்டா?"

சொல் என்றால் திருநாவுக்கரசுக்கு உயிர். உடனே குழுவில் விளக்கினார்: 'கொடு என்றால் வளைவு. கொடுவாள், வளைந்த வாள். நேராக நிற்பது செங்கோல். வளைந்தால் கொடுங்கோல், அதாவது அடக்கியாளும் ஆட்சி.'

அதுவரை பொருள் தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோனது.

"நம்ம செக்ரட்டரிக்குப் பொருத்தமாத்தான் கீது" என்று மேல்வீட்டு அருணகிரி குரல் பதிவு போட்டார்.

திருநாவுக்கரசு ஆத்திரத்தில் அந்தப் புது எண்ணைக் குழுவிலிருந்து நீக்கினார்.

"பாத்தீங்களா, கோலு வளையுது!" என்றார் ஜான்சன்.

'அப்படியானால் ராஜினாமா செய்கிறேன்' என்று எழுதிவிட்டு, யாராவது தடுப்பார்கள் என்று காத்திருந்தார். உயர்த்திய கட்டைவிரல்களாக வந்து குவிந்தன.

இத்தனை வருஷம் கட்டிக் காத்த பதவி! நாற்காலியில் சாய்ந்தார். சன்னலுக்கு வெளியே கொடுக்காப்புளி சிவந்து வெடித்திருந்தது. கொடுக்காய்... வளைந்த காய்! இந்த உதாரணத்தை எழுதாமல் விட்டோமே. கல்யாணமான புதிதில், திருக்கழுக்குன்றத்தில் மாமனார் கொல்லையில், அமிர்தவல்லி தொரட்டியால் இழுத்துப் போட, இவர் வேட்டியை விரித்து ஏந்துவார். பாதி வேட்டியில் விழும், பாதி தலையில். அவள் சிரிப்பாள். அப்போது கோல் அவள் கையில் இருந்தது.

"அந்த ஆளுக்கே போன் போட்டுக் கேட்டுடுங்க அண்ணாத்த" என்றார் ஜான்சன்.

போட்டார். அடுக்களையில் மணி அடித்தது.

மகள் அனு வாங்கித் தந்து, குழுவிலும் சேர்த்துவிட்டிருந்த புதுப் போனைப் பிடித்தபடி அமிர்தவல்லி வெளியே வந்தாள்.

"எதுன்னாலும் குரூப்புல கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு டைப் பண்ண வரல. 'கொடுங்க, கோல், செயலாளர் சார்'னு வாயால சொன்னேன். அது ஒட்டிப் போட்டுடுச்சு. கிளி கொத்தறதுக்குள்ள போய்த் தொரட்டிய எடுத்துகினு வாங்க."