பூட்ஸுக்குள் நாற்பதாயிரம்

மோப்பம் பாயை ஏமாற்றி ஒரு ரூபாய் பிடுங்கியவன் இன்னும் பிறக்கவில்லை என்று ஆம்பூரில் சொல்வார்கள். பிறந்திருக்கிறான். அவனுக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. இதை எழுதிக்கொண்டிருப்பவன் அவன்தான்.

நான் அலுவலகத்தில் இருந்த தோல் தொழிற்சாலையில் பாய் தரம் பிரிப்பவர். தோலைக் கையில் எடுத்ததும் முகர்வார். அந்தப் பழக்கம் முற்றி, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, மேனேஜரின் புதுச் சட்டை என்று எதையும் முகராமல் விடமாட்டார்.

என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குப் புடவை எடுக்க அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். சவுகார்பேட்டை மொத்தக் கடைகளில் பேரம் பேச அவருடைய உருது உதவும். புடவைக்கென்று என்னிடம் இருந்தது நாற்பதாயிரம்தான். அது போனால் சம்பந்தி முன்னால் நிற்க முடியாது.

"ரொக்கமா எடுத்துக்க சார். போன்ல குடுத்தா சேட்டு ஒரு பைசா கம்மி பண்ணமாட்டான்" என்றார் பாய்.

ஆம்பூர் ஸ்டேஷனில் தன் பூட்ஸ்களைக் கழற்றி, உள்ளே காலடியில் இருக்கும் தோல் அட்டையைப் பிரித்தார். பாதிப் பாதியாக நோட்டுகளை இரண்டிலும் பரப்பி, மேலே அட்டையை வைத்துச் சொல்யூஷன் பசையால் ஒட்டினார்.

"பாக்கெட்ல கை வுடுவான். பூட்ஸ்ல எவன் கை வுடுவான்?"

அன்று முழுக்க அந்தப் பெருமையில் அரை விரல் உயரமாக நடந்தார்.

சென்ட்ரலில் ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். பாய் குனிந்து சீட்டை முகர்ந்தார். "ரெக்சின். இதுக்கு இன்னாத்துக்கு இருநூறு?" ஆட்டோக்காரர் அதிர்ச்சியில் நூறுக்கு வந்துவிட்டார்.

முதல் கடை. தரை முழுக்க வெள்ளை மெத்தை. செருப்பு வெளியில். பாய் சாவகாசமாகப் பூட்ஸைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், பூட்ஸு..."

"திரும்பிப் பாக்காத சார். பாத்தாத்தான் தெரியும்."

புடவை விரிகிறது. என் கண் வாசலில். யாரோ ஒருவன் பூட்ஸருகே நின்று சாவகாசமாகத் தலை சொறிந்தான். போன் வந்ததுபோல் எழுந்து வெளியே போனேன். அட்டைகளைப் பிரித்தேன், பணத்தை என் பேண்ட் பாக்கெட்டில் திணித்தேன், அட்டைகளைப் பழையபடி அமுக்கி வைத்தேன். பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொண்டு பேரத்தை விட்டுவிடுவாரோ என்று பயம்.

முதல் கடையில் வாங்குவது பாய்க்குக் கௌரவக் குறைவு. இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினோம். மூட்டை தூக்குபவர்கள், கைவண்டிகள், ஒருவர் முதுகில் ஒருவராக நகரும் சந்து. மூன்றாம் கடை வாசலில் பாக்கெட்டைத் தொட்டேன். காலி.

"மொத கடைதான் சார் கரெக்டு. வா, வெலையில ரெண்டாயிரம் ஒடைக்கிறேன் பாரு" என்று பாய் உற்சாகமாக முன்னால் நடந்தார். வழியெல்லாம் சொல்லியிருக்கலாம். அந்தக் கடையின் படி ஏறும்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ரெண்டாயிரத்தை உண்மையிலேயே உடைத்தார். பிறகு பூட்ஸை மெத்தை மேலேயே கொண்டுவந்து வைத்தார். சேட்டு அலறினார். பாய் மந்திரவாதிபோல் அட்டையைத் தூக்கினார். ஒன்றுமில்லை. மற்றதிலும் ஒன்றுமில்லை. பூட்ஸை முகர்ந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெளிய வுட்டது உங்க தப்பு பாய்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்க, வெறுங்கையோடு ஊர் திரும்பினோம். நான்காம் நாள் என் வீட்டுக்கு வந்து நாற்பதாயிரம் கொடுத்தார். "என் பூட்ஸ்ல போனது என் காசு." வாங்கிக்கொண்டேன். கல்யாணம் நடந்தது. அவர் ஸ்கூட்டரை விற்றிருந்தது பிறகுதான் தெரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து, போன மாதம், பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் நோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

"தெரியும் சார்."

"எப்டி?"

"திருடன் அட்டைய பிச்சிப் போட்டுட்டு ஓடுவான். இது அழகா அமுக்கி வச்சிருந்துது. எந்தத் திருடன் சார் அடுத்தவன் கால் உறுத்துமேன்னு பாப்பான்?"

"அங்கயே கேட்டிருக்கலாமே பாய்!"

"சேட்டு முன்னாடியா? பொண்ணு கல்யாணம் வச்சிக்கினு நிக்கற ஆளையா?" என்றவர், எரிச்சலோடு சேர்த்தார்: "ஆனா ஆறு வருஷம் ஜாஸ்தி சார். ரொம்ப ஜாஸ்தி."

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது. அதை முகர்ந்தபடியே பாய் சொன்னார்: "பேத்திக்குக் கல்யாணம். துணி எடுக்கப் போவணும். நீயும் வா சார். நான் பேரம் பேசறப்ப பக்கத்துல ஒருத்தன் இப்டி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருந்தாத்தான் சேட்டு எறங்கி வருவான்."

திங்கட்கிழமை காலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜன்னலோரம் பாய்க்கு.