வேலன் குடிபோன விலாசம்

சென்னிமலை முருகன் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் சாமி என் கண்ணைக் குத்தட்டும். ஏற்கெனவே ஒரு கண்ணில் புரை. மிச்சமிருப்பதைப் பணயம் வைத்துச் சொல்கிறேன் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டாலர் சரசரவென்று இறங்கி, திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் எல்லாம் காப்பிக்குச் சர்க்கரை போடவே யோசித்த வருசம் அது. பின்னலாடைச் சங்கம் ஒன்று, பெயர் வேண்டாம், வழியில் பார்த்தால் கும்பிட வேண்டியவர்கள், உறுப்பினர்களுக்காக லினக்ஸ் என்னும் காசில்லாத இயங்குதளத்தில் இலவசமாக ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. முருக பக்தர்கள் கூடிச் செய்ததால் அதற்கு வேலன் என்று பெயர்.

வேலன் ஆர்டர் கணக்கும் நூல் கணக்கும் நன்றாகப் பார்ப்பான். லேபிள் அடிக்கவும் துணி எடை எழுதவும் மட்டும் அவனுக்கு வராது. பனியனை ஓரிடத்தில் தைத்துப் பாக்கெட்டை வேறிடத்தில் வைத்துத் தைப்பதில்லையா, அதுபோல அந்த இரண்டு வேலைக்கும் இரண்டு பேர் வெளியிலிருந்து பிளகின் என்ற ஒட்டு மென்பொருள் எழுதிப் பராமரித்து வந்தார்கள். லேபிள் பிளகின் நெருப்பெரிச்சல் ஜெபக்குமாருடையது, தெற்கத்திக்காரர். எடை பிளகின் சோமனூர் கந்தவேலுடையது. வேலன் கம்ப்யூட்டருக்குள் எந்த இடத்தில் குடியிருக்கிறான் என்பது பிளகினுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தேடிக்கொண்டே நிற்கும்.

புதுப் பதிப்பில் வேலன் இடம் மாற வேண்டியதாயிற்று. தெரிவிக்க வேண்டிய ஆட்கள் மொத்தம் இரண்டு பேர். தெரிவிக்க வேண்டிய சங்கதி மொத்தம் ஒரு வரி. அந்த மாபெரும் பொறுப்பு சங்கச் செயலாளர் ஞானசம்பந்தத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஞானசம்பந்தத்துக்கு இரவில் தூக்கம் போனது. காரணம் லினக்ஸ் அல்ல. புரட்டாசியில் சங்கத் தேர்தல். தலைவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. இந்தத் தடவை விட்டால் அப்புறம் சாய்ந்தபடியேதான். லேபிள் நின்றால் கன்டெய்னர் நிற்கும், கன்டெய்னர் நின்றால் ஓட்டு நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த யாழினி, “ஒரு மெயில் போட்டா முடிஞ்சுதுங்க சார்” என்று சொல்லி அந்த ஒரு வரியை அனுப்பியும்விட்டாள்.

மறுநாளே கந்தவேல் போன் செய்தார். மெயிலில் தன் பெயர் ஜெபக்குமாருக்குப் பின்னால் இருந்ததாகவும், அதைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்காமல் அழித்துவிட்டதாகவும் மரியாதையோடு தெரிவித்தார். “குடி போறதுன்னா ஊட்டுக்கு வந்து வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கோணுமுங்க. டைப் அடிச்சு அனுப்புனா வர்றதுக்கு நானென்ன கொரியருங்களா?”

ஜெபக்குமார் முழுதாகப் படித்திருந்தார். நம்பவில்லை. “மெயில்ல வந்தத எப்படி அண்ணாச்சி நம்புதது? எனக்கு லண்டன்ல லாட்டரி விழுந்திருக்குன்னும் மெயில்லதான் வந்துச்சு.”

ஞானசம்பந்தத்துக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ‘வேலன் புதுமனை புகுவிழா துணைக்குழு’ உடனடியாக அமைக்கப்பட்டது. ஆடியில் குடி மாறக் கூடாது என்பதால் ஆவணியில் முகூர்த்தம் குறிக்கப்பட்டது. புதுப் பதிப்பில் ஒரு கோளாறு திருத்தியிருப்பதாகவும், அதற்காகவாவது சீக்கிரம் மாற்றினால் தேவலை என்றும் யாழினி முனகினாள். கோளாறும் ஆவணி வரை பொறுத்துக்கொள்ளும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

பத்திரிகை அடித்தார்கள். அடடா, என்ன பத்திரிகை! மயில் படம், தங்க எழுத்து. ‘நிகழும் மங்களகரமான ஆவணித் திங்களில், இதுநாள்வரை வாசம் செய்துவந்த பழைய இருப்பிடத்தை விடுத்து, அன்னாரது புதிய இருப்பிடத்தில் மேற்படி மென்பொருளானது இனிதே குடியேற இருப்பதால்’ என்று தொடங்கி, நல்வரவை நாடுவோர் முப்பத்தெட்டுப் பேர். கீழே கல்யாண மண்டபத்தின் விலாசம், போகிற வழி, இறங்க வேண்டிய பஸ் ஸ்டாப்.

யாழினி அச்சடிக்கும் முன்பே பார்த்தாள். “சார், வேலனோட புது இடத்தையே காணோமுங்க.”

“எழுதிக் குடுத்தியே கண்ணு, பாத்தேன். அதுல அஞ்சு இடத்துல சாஞ்ச கோடு வருது. மங்கள காரியத்துல சாஞ்ச கோடு ஆகுமா?”

“கம்ப்யூட்டருக்குள்ள விலாசமே அந்தக் கோட்டுலதானுங்க. அது இல்லீன்னா பிளகினுக்கு எங்க போறதுன்னு எப்படிங்க தெரியும்?”

“அதான் மண்டபத்து விலாசம் போட்டிருக்கறமே.”

விலாசம் ஒன்று இருக்கிறது; அது பெரிய எழுத்தில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு செயலாளர் என்ன செய்ய முடியும்?

அழைப்பு நேரில் போயிற்று. முதலில் சோமனூர், பிறகுதான் நெருப்பெரிச்சல். கந்தவேல் வெற்றிலை பாக்குத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஜெபக்குமார் பிரியாணி உண்டா என்று கேட்டு, சைவம் என்று அறிந்து, இருந்தாலும் வருவதாகச் சொன்னார். இரண்டு பேரை அழைத்து மற்றவர்களை விட்டால் தேர்தல் நேரத்தில் பொல்லாப்பு வரும் என்று மீதி ஊரையும் அழைத்தார்கள்.

விழா அமர்க்களம். கம்ப்யூட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மானிட்டருக்கு முன்னால் பால் பொங்கவிட்டு, கெட்டிமேளம் முழங்க ஞானசம்பந்தம் பட்டனைத் தட்டினார். அந்த நொடியில் எல்லாக் கம்பெனியிலும் வேலன் இடம் மாறினான். விருந்தினர்கள் வேலனுக்குச் சுவர்க் கடிகாரங்கள் பரிசளித்தார்கள். தேங்காய்ப் பால் விருந்துக்கு வந்தவர்கள் புரட்டாசியில் ஓட்டுப் போடுவதாகக் கையோடு வாக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை லேபிள் நின்றது. எடை நின்றது. மூன்று கன்டெய்னர் வாசலில் நின்றது. நடப்புத் தலைவர் சென்னியப்பன் தானே நேரில் வந்தார். அவருக்கும் அந்த நாற்காலியை விட மனசில்லை. “ஏனுங்க செயலாளரே, வேலன் குடி போயிருக்கானுங்களா, ஓடிப் போயிட்டானுங்களா?”

ஞானசம்பந்தம் வேர்த்து விறுவிறுத்துக் கந்தவேலுக்குப் போன் போட்டார். புது இடத்தைப் பிளகினில் எழுதினீர்களா என்று கேட்டார்.

“பத்திரிகையில இருந்ததை ஒரு எழுத்து விடாம எழுதிட்டேனுங்க. அவினாசி ரோடு, பெட்ரோல் பங்க் எதிரில்.”

ஜெபக்குமாரும் அதையேதான் எழுதியிருந்தார். கூடுதலாக பஸ் ஸ்டாப்பையும் சேர்த்து எழுதிப் பிறகு எடுத்துவிட்டாராம். ஆக, திருப்பூர் வட்டாரம் முழுக்க லினக்ஸ் அத்தனையும் அவினாசி ரோட்டைத் தேடிக்கொண்டு நின்றது.

இப்போதாவது சரியான ஒரு வரியைச் சொல்லிவிடலாம் என்றாள் யாழினி. ஞானசம்பந்தம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பத்திரிகை தப்புன்னு சொல்லச் சொல்றியா கண்ணு? அதுல முப்பத்தெட்டுப் பேர் பேரு இருக்குது. பத்திரிகை தப்பாகாது. வேலன்தான் எடம் தப்பிக் குடி போயிட்டான்.”

யாழினி கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். லினக்ஸுக்குள்ளேயே அவினாசி ரோடு என்று ஒரு ஃபோல்டர் போட்டாள். அதற்குள் பெட்ரோல் பங்க் எதிரில் என்று ஒன்று கட்டினாள். வேலனைத் தூக்கிக் கொண்டுபோய் அங்கே வைத்தாள். எண்ணி ஒரு நிமிசம். எல்லாக் கம்பெனியிலும் லேபிள் அடிக்கத் தொடங்கியது, எடையும் ஓடியது.

அறிவிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. ஒரே பத்திரிகையில் மனிதனுக்கும் மெசினுக்கும் வழி சொன்ன மகான் என்று பேனர் வைத்தார்கள். ஞானசம்பந்தம் தலைவரானார். புது நாற்காலியில் உட்கார்ந்ததும் இடுப்பு மறுபக்கம் சாயத் தொடங்கியது. அது வேறு கதை.

இரண்டு வருசம் வேலன் நிம்மதியாக இருந்தான். இப்போது என்னவென்றால், அந்த மண்டபத்தை இடித்து ஷோரூம் கட்டுகிறார்கள். மண்டபம் பல்லடம் ரோட்டுக்குப் போகிறது. இடித்த விலாசத்தில் வேலனை விட்டுவைப்பது சங்கத்துக்கு அழகா என்று செயற்குழுவில் கேள்வி எழுந்தது. யாழினிதான் முதலில் எழுந்தாள். “மாத்திரலாமுங்க சார், ஒரு நிமிச வேலை. ஆனா மொதல்ல பத்திரிகை அடிச்சிரலாம்.” கந்தவேல், இந்தத் தடவை தட்டில் மாதுளை இருந்தால் நன்றாயிருக்கும் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டார். ஜெபக்குமார் பிரியாணிக்கு மனுக் கொடுத்திருக்கிறார்.

தை பிறந்ததும் விழா. உங்களுக்கும் அழைப்பு வரும். வராமல் இருந்துவிடாதீர்கள், பருப்பில் நெய் தாராளமாக ஊற்றச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கதையை யார் சொன்னது என்று எவராவது கேட்டால் மட்டும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். துணைக்குழுவுக்கு என்னைத்தான் தலைவராகப் போட்டிருக்கிறார்கள்.