கோல் கம்பத்தடிப் பிரசங்கங்கள்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம் என்று முடிவு செய்தேன். மிக உறுதியான முடிவு. குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாய் அசையாமல் எடுத்த முடிவு. வெளியே என் மனைவி இருந்தாள்.

என் கட்சியையும் கொஞ்சம் கேளுங்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வாரம் முழுக்க ஓர் இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையிலாவது எதுவும் தெளிவாகத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒருவன் ஆசைப்படக் கூடாதா?

அதற்காகத்தான் கால்பந்து. எங்கள் அணிக்கு ‘இளம் சிங்கங்கள்’ என்று பெயர். ஆரம்பித்த காலத்தில் வைத்தது. இப்போது சிங்கங்களுக்கு மூட்டுவலி. நான் கோல்கீப்பர். உடைந்துவிடுமே என்று கண்ணாடியைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்துவிடுவேன். அந்த நொடியே உலகம் கரைய ஆரம்பிக்கும். பனி எது, புல் எது, வானம் எங்கே முடிகிறது, ஒன்றும் தெரியாது. தூரத்தில் சில நிறங்கள் அங்குமிங்கும் ஓடும். நான் நின்ற இடத்திலேயே மிதப்பேன். பந்து எப்போதாவது வரும். வந்த வழியே போகாது. என்னைத் தாண்டிப் போகும்.

இதற்கு ஒரே இடைஞ்சல் எட்டு மணிப் பூசை. ஆட்டம் ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடியும். எட்டு மணிக்கோ நான் குளித்து, தலை வாரி, மாதா கோயிலில் என் மனைவிக்குப் பக்கத்தில் பெஞ்சில் இருந்தாகவேண்டும். எங்கள் வீட்டில் பூசைக்குப் போகாதவனுக்குப் பூசை நிச்சயம்.

குளியலறையிலிருந்து வெளியே வந்து திட்டத்தை அவிழ்த்தேன்.

"நான் இனிமே ஆறு மணிப் பூசைக்குப் போகப்போறேன்."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அவள் கத்தி அப்படியே நின்றது.

"ஆறு மணிக்கா? நீங்களா? காலையிலயும் ஒரு ஆறு மணி வருதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"கிண்டல் பண்ணாதே. பக்தி வந்துடுச்சு."

"எப்ப?"

"இப்பத்தான். குளிக்கும்போது."

"அதான் குழாய் அவ்வளவு நேரம் ஓடுச்சா! சரி, கால்பந்து?"

"அது உலக ஆசை. விட்டாச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் மனைவி பார்சல் ஆபீசில் வேலை செய்பவள். வண்டியிலிருந்து எறிகிற மூட்டைகளைப் பிடித்து, அந்தந்த ஊருக்கான அடுக்கில் போடும் வேலை. எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மேலே தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படித்தான் என்னையும் பார்த்தாள்.

"நல்லது, போயிட்டு வாங்க. ஆனா பிரசங்கத்தை எனக்கு வந்து சொல்லணும். எட்டு மணிப் பூசையில பிள்ளைங்க போடுற சத்தத்துல பாதி காதுல விழ மாட்டேங்குது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் திட்டத்தில் கோயில் இருந்தது, மணி இருந்தது, பூசை நேரம் இருந்தது. பிரசங்கம் மட்டும் இல்லை.

கைகொடுத்தவர் தையல்காரர். எங்கள் அணியில் வலப்பக்கத் தடுப்பு ஆட்டக்காரர். என் பூட்ஸும் சட்டையும் அவர் வீட்டில்தான் ஒளிந்திருந்தன. அவர் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்விடுவார். சனிக்கிழமை கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் சேர்ந்துவிடும், பிரசங்கமும் அதேதான். சனிக்கிழமை சாயங்காலம் என் கடையில் கூட்டம் அலைமோதும், எனக்கு அந்த வழி இல்லை. எனவே ஆட்டத்தின் இடைவேளையில் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஒரே குறை, மனிதர் வாயில் எப்போதும் குண்டூசியை வைத்துக்கொண்டு பழகியவர். பேச்சைச் சிக்கனமாகத்தான் வெளியே விடுவார்.

"நேத்துப் பிரசங்கம் என்ன?"

"ஆடு."

"ஆடு என்ன செஞ்சுச்சு?"

"காணாம போச்சு."

"அப்புறம்?"

"கிடைச்சிடுச்சு."

அவ்வளவுதான். மீதியை நான்தான் தைக்கவேண்டும்.

இரண்டாவது பாதி முழுக்கக் கம்பத்தடியில் நின்று ஆட்டைத் தேடினேன். சுற்றிலும் பனி. தோதாக இருந்தது. மலைச்சரிவு வந்தது. மேய்ப்பன் வந்தான். நனைந்த கம்பளி, கையில் விளக்கு. இன்னொரு கையில்? ‘மேய்ப்பனோட இன்னொரு கையில என்ன இருக்கும்?’ என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

"கோல்!" என்று மைதானமே கத்தியது.

மிகப் பொருத்தமான பதில் என்று மகிழ்ந்தேன். பிறகுதான் எனக்குப் பின்னால் வலை ஆடிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

கேப்டன் ஓடிவந்தார். மருந்துக் கடைக்காரர். யாரிடமும் கடுமையாகப் பேசத் தெரியாதவர். "அண்ணே, பிடிக்க வேண்டாம். பந்து வந்தா ஒரு ‘வாங்க’ன்னாவது சொல்லக் கூடாதா?" என்றார்.

ஆனால் வீட்டில் அன்று எனக்கு வெற்றி. அவள் பூசை முடிந்து வருவதற்குள் குளித்து, சட்டை மாற்றி, சாந்தமான முகத்தோடு மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

"அந்த ஆடு ஒரு பாறை மேல நின்னுக்கிட்டிருக்கு. சுத்தி மேகம். மேகம் அதோட முகத்துல உரசிக்கிட்டுப் போகுது. தான் காணாம போயிட்டோம்ங்கிறதே அதுக்குத் தெரியல. ரொம்ப நிம்மதியா இருக்கு. கீழ அதைத் தேடிக்கிட்டு ஒருத்தர் முள்ளுல நடந்து வர்றாரு. அது தெரியாம இது மேகத்தைப் பார்த்துக்கிட்டிருக்கு."

அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"பாவம்ங்க."

"ஆடுதானே?"

"முள்ளுல நடந்து வர்றவரு." என் காதோரம் ஒரு தடவை பார்த்தாள். "ஏங்க, எட்டு மணிக்கு ஃபாதர் இவ்வளவு சொல்லலையே?"

"ஆறு மணிக்குச் சூடா இருப்பாரு. எட்டு மணிக்குள்ள ஆறிப்போயிடுவாரு."

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் இதே கதை. தையல்காரர் "விதை" என்பார். நான் ஒரு காட்டையே வளர்ப்பேன். "மீன்" என்பார். நான் கடலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் ஊற்றுவேன். வலை கிழியக் கிழிய மீன் பிடித்த கதையை நான் மனசுக்குள் உருவாக்கிக்கொண்டிருந்த நாளில், என் வலையும் கிழியக் கிழிய நிறைந்தது. சிங்கங்கள் வாராவாரம் தோற்றன. மனைவியோ பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தாள்.

அந்த நாட்களில் மைதானத்து வேலியோரம் ஒரு மஞ்சள் பூச்செடி பூத்திருந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அது ஒரு வெளிச்சப் பொட்டுபோல இருக்கும். ஏழு மணி வெயில் பட்டதும் பூக்கும். எட்டு மணிக்குள் காணாமல் போகும். முதல் வாரம் வாசலோரம் இருந்தது. அடுத்த வாரம் கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்த வாரம் என் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால். செடி நகருமா என்று எனக்குத் தோன்றவில்லை. கனவில் எது நகராது?

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. அன்றைக்கு மட்டும் ஆறு மணிக்கே தொடக்கம். அதில் தோற்றால் எங்களைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். கீழ்ப்பிரிவில் எல்லாரும் மீசை முளைக்காத பிள்ளைகள். அவர்களிடம் தோற்றுவிட்டு இந்தத் தெருவில் எப்படி நடப்பது? சிங்கங்கள் மிரண்டு போயிருந்தன.

அதற்கு முந்தைய நாள் மதியம், கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்குப் பங்குச் சாமியார் வந்தார். மனைவிதான் அழைத்து வந்திருந்தாள்.

"ஆறு மணிப் பூசைக்குத் தவறாம வர்றீங்களாமே! அம்மா சொன்னாங்க. எனக்குத்தான் உங்களைப் பார்த்த ஞாபகமே இல்ல."

"நான் கடைசி பெஞ்சு, ஃபாதர். தூண் வேற மறைக்கும். உங்க கண்ணுக்கும் வயசாயிடுச்சுல்ல..."

"கண்ணுக்கென்ன? போன மாசம் நீங்கதானே சோதிச்சுப் பார்த்தீங்க. கடைசி வரியில இருக்கிற பொடி எழுத்து வரைக்கும் வாசிச்சேன். இளவட்டக் கண்ணுன்னு முதுகுல தட்டிக் கொடுத்தீங்களே."

ஆமாம், தட்டிக் கொடுத்தேன். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அப்ப என் கண்ணுல கோளாறு இல்ல," என்றார் சாமியார், மிக மெதுவாக. "நீங்கதான் கண்ணுக்குத் தெரியாம வந்திருக்கணும். அது போகட்டும். ஆடு, விதை, மீன்னு நான் சொல்லாததையெல்லாம் நீங்க கேட்டிருக்கீங்க. அம்மா ஒண்ணொண்ணா சொன்னப்ப எனக்கே கண் கலங்கிடுச்சு. இப்படிப்பட்ட ஆள் பெஞ்சுல உட்காரக் கூடாது. நாளையிலருந்து ஆறு மணிப் பூசைக்கு பைபிள் வாசகம் நீங்கதான் வாசிக்கணும்."

"நாளைக்கா?"

"அவருக்கு ரொம்ப நாள் ஆசை, ஃபாதர்," என்றாள் என் மனைவி. "வெளிய சொல்லக் கூச்சம்."

நான் கடைக்குப் போனதும் கேப்டனுக்குப் போன் செய்தேன். தொண்டையைக் கம்ம வைத்துக்கொண்டேன்.

"எனக்கு உடம்புக்கு முடியல. நாளைக்கு வர முடியாது போல. கடைசி ஆட்டம்னு தெரியும், ஆனா..."

"அதனால என்னண்ணே!" குரலில் ஒரு துள்ளல். "நல்லா ரெஸ்ட் எடுங்க. அவசரமே இல்ல."

மாத்திரை எதுவும் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. மருந்துக் கடைக்காரர்!

மறுநாள் விடியுமுன் கிளம்பினேன். மனைவி போர்வைக்குள் சுருண்டிருந்தாள். கோயிலில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வாசக மேடையில் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கண்ணயரலாம். மைதானத்தில் நின்றால் கனவு காணலாம். இங்கே இரண்டும் முடியாது. ஊரே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசித்தேன். பாதியில், ஜன்னல் வழியாகத் தூரத்திலிருந்து ஒரு ஆரவாரம் மிதந்து வந்தது. யாருக்கு விழுந்த கோல்? அடுத்த வரியை இரண்டு முறை வாசித்தேன்.

பூசை முடிந்ததும் ஓடினேன். இரண்டாவது பாதி நடந்துகொண்டிருந்தது. அவசரத்தில் கண்ணாடியைக் கழற்ற மறந்துபோனேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்த மைதானத்தை முழுசாகப் பார்த்தேன். புல்லில் பனித்துளி தனித்தனியாகத் தெரிந்தது. வேலியோரம் செடி எதுவும் இல்லை. கம்பியில் ஒரு மஞ்சள் குடை மாட்டியிருந்தது. எங்கள் வீட்டுக் குடை.

கோல் கம்பங்களுக்கு நடுவே என் சட்டை நின்றுகொண்டிருந்தது. சட்டைக்குள் என் மனைவி.

எதிரணி ஆள் ஓங்கி உதைத்தான். பந்து மூலைக்குப் பறந்தது. அவள் பறந்து போய், ஆகாயத்திலேயே அதை வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். வண்டியிலிருந்து விழும் பார்சலை வாங்குவதுபோல. அடுத்த நொடி சரியான ஊருக்கு அனுப்புவதுபோலத் தையல்காரர் காலடிக்கு எறிந்தாள். அவள் நெற்றியில் மண். கூந்தல் அவிழ்ந்திருந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கள் கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை. 

நாங்கள் ஜெயித்தோம். ‘நாங்கள்’ என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"எதிரணிக்காரங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"முதல்ல குதிச்சாங்க. கோல்கீப்பருக்கு மீசை இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்கன்னேன். நடுவர் இன்னும் தேடிக்கிட்டிருக்காரு."

"எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

"ஆடு காணாம போன வாரமே. காதுல புல்லோட உட்கார்ந்து சொன்னீங்க. அடுத்த வாரம் கையும் களவுமா பிடிக்கணும்னுதான் வந்தேன்."

"பிடிக்கலையே?"

"பந்து உங்க காதோரமா போகுது, நீங்க மேகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. அதைப் பார்த்ததும் உங்களைப் பிடிக்கிற ஆசை போயிடுச்சு. பந்தைப் பிடிக்கிற ஆசை வந்துடுச்சு. கை துறுதுறுன்னு ஒரே அரிப்பு. கேப்டன்கிட்ட நான்தான் போய்க் கேட்டேன்."

"சரி, உன் பூசை?"

"நேத்து சாயங்காலமே போயிட்டு வந்துட்டேன். நீங்க கடையில இருந்தீங்க."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருமே..."

"நீங்க எப்படிங்க? வாசகம் யார் வாசிப்பா?"

குடையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சிங்கங்களோடு படம் எடுத்துக்கொள்ளப் போனாள். கேப்டன் என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் நீர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அந்த ஆறு மணிப் பூசையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க. டீம் மொத்தமும் அதுக்காகத்தான் வேண்டிக்கிட்டிருக்கு."