சில்வா மிஸ் யார் பக்கம்?

செத்தாலும் சமைக்கக் கற்றுக்கொள்வதில்லை என்று தினேஸ் ஒரு முடிவு எடுத்திருந்தான். அவன் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளில் மிக உறுதியானது அதுதான்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ஆபீஸில் அவன் இரண்டாவது கிளாக்கர். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து வந்தது, எத்தனை பெட்டித் தேயிலை போனது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவான். ஆனால் ஒரு கோப்பை தேத்தண்ணி போடத் தெரியாது. தெரியாது என்பதைப் பெருமையாகவும் சொல்லுவான்.

இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் அந்த முடிவுக்கு ஆபத்து வந்தது. கடிதமாக வந்தது. மனைவி கலாராணி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் டீச்சர். கொட்டகலை ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவாகியிருந்தாள். மே மாதத்தில் இருந்து அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும்.

"எத்தன நாளு?"

"ரெண்டு வருசம்ங்க. லீவுக்கு லீவு வந்துடுவேன்."

"ரெண்டு வருசமா? அப்ப சோறு?"

"நீங்கதான் ஆக்கிக்கணும்."

"நானா? எனக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியாதே!"

"பழகிக்கலாம்ங்க."

தினேஸ் எழுந்து வாசலுக்கு வந்தான். முக்கியமான அறிவித்தல்களை வாசலில் நின்று சொல்வதுதான் அவனுக்குப் பிடிக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரெங்கம்மா அக்காவுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான்.

"இந்தா பாரு கலா. நான் சோறு கறி ஆக்கப் பழகுற அன்னிக்கு நீ தாராளமா போ. பெட்டிய நானே தூக்கி ரயில்ல வைக்கிறேன்!"

எந்தக் காலத்திலும் நடக்காத காரியத்தைச் சொல்லிவிட்ட நிம்மதி அவனுக்கு. கலாராணி சண்டை போடவில்லை. அழவில்லை. "சரிங்க" என்றாள். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை. தினேஸ் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பயப்பட அவனுக்கு நேரம் இல்லை. புதிதாக ஒரு கம்பியூட்டர் வாங்கியிருந்தான். புதிது அவனுக்குத்தான், கம்பியூட்டருக்கு அவன் மூன்றாவது ஆள். பதுளையில் லத்தீப் கடையில் எடுத்தது. 'ஹெட் கிளாக்கர் சோதனைக்குப் படிக்கிறதுக்கு' என்று வீட்டில் சொல்லியிருந்தான். லத்தீப் அதோடு ஒரு சீடியையும் சும்மா கொடுத்துவிட்டார். அதில் ஒரு விளையாட்டு இருந்தது.

ஏழு வாசல் கோட்டை. உள்ளே ஒரு ராசா. வெளியே சதுப்புக் காட்டில் ஒரு சூனியக்காரி. வாளோடு போகிற வீரன் நாம். முதல் வாசலிலேயே பச்சை முக்காடு போட்ட ஒரு பெண் பாதி முகம் தெரிய நிற்பாள். பெயர் சில்வா. சீடி உறையில் அவளைப் பற்றி இங்கிலிஷில் ஒரு வரி இருந்தது. அவளுக்கு இரண்டு 'மாஸ்டர்' என்று.

மாஸ்டர் என்றால் துரை. அதுகூடத் தெரியாமலா இரண்டாவது கிளாக்கர்? ஒரு துரைக்கு வேலை பார்த்தே அவனுக்கு முன்னந்தலை வழுக்கையாகிவிட்டது. இவள் இரண்டு துரைக்கு வேலை பார்க்கிறாள். பகலில் ராசாவுக்கு ஒற்றர் வேலை, பொழுது சாய்ந்தால் சூனியக்காரிக்கு ஒற்றர் வேலை. இரண்டு பேருக்கும் தெரியாமல்! தினேஸுக்கு அவள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அன்றிலிருந்து 'சில்வா மிஸ்' என்றுதான் சொல்லுவான்.

சிக்கல் என்னவென்றால், சில்வா மிஸ் பேசுகிற இங்கிலிஷ் வேறு, தினேஸின் இங்கிலிஷ் வேறு. 'இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது', 'தயவுசெய்து கவனிக்கவும்', 'இன்று வேலைக்கு வரவில்லை' என்பதையெல்லாம் அவன் அட்டகாசமாக எழுதுவான். சில்வா மிஸ்ஸை மவுஸால் அமத்தினால் ஒரு ஓலைச்சுருள் விரியும். அது நிறைய, ஜிலேபி சுற்றியது போன்ற எழுத்து. ஒரு சொல்லும் பிடிபடாது. முழித்துக்கொண்டு நிற்கும்போதே பின்னால் வந்த காவலாளி வெட்டிவிடுவான். இரண்டு கிழமையில் தினேஸ் நாற்பத்தொரு தடவை செத்தான்.

நாற்பத்திரண்டாவது தடவை சாகும்போது கலாராணி பின்னால் நின்றிருந்தாள்.

"இதுதானா ஹெட் கிளாக்கர் சோதனை?"

மறைத்துப் பிரயோசனமில்லை. ரத்தம் மொனிட்டர் பூராவும் வழிந்துகொண்டிருந்தது. தினேஸ் எல்லாவற்றையும் சொன்னான். ராசா, சூனியக்காரி, இரண்டு துரை, எல்லாம். கலாராணி குனிந்து ஓலைச்சுருளை ஒரு தடவை வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை வாசித்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. அது மொனிட்டரின் வெளிச்சம் என்றுதான் அவன் நினைத்தான்.

"அடேயப்பா!" என்றாள்.

"என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க?"

"லேசுப்பட்ட பொம்பள இல்லங்க இது. ஆனா பழைய காலத்து இங்கிலிஷு. டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு உட்காரணும். எனக்கு ரொட்டிக்கு மா குழைக்கிற வேல கெடக்கு."

"நீ உட்காரு. மாவ நான் குழைக்கிறேன்."

அப்படித்தான் அது தொடங்கியது.

அவன் சுட்ட முதல் ரொட்டி, சாப்பிட முடியாமல், கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போனது. ஆனால் அன்றைக்குச் சில்வா மிஸ் வாய் திறந்துவிட்டாள்.

"'நீ வந்திருக்கிறத ராசாகிட்ட சொல்லிட்டேன். சூனியக்காரிகிட்ட இன்னும் சொல்லல. சொல்லவா, வேணாமா?' அப்படின்னு கேக்குறாங்க."

"பார்த்தியா! எப்படிக் கொக்கி போடுறாங்க பாரு! அப்புறம்?"

"அப்புறம் பத்து வரிக்குப் பெரிய பந்தியா இருக்கு. நீங்க பருப்பக் கழுவிப் போடுங்க. அதுக்குள்ள பார்த்துடுவேன்."

அடுத்த நாள் இடப்பக்கமாகப் போகச் சொன்னாள் சில்வா மிஸ். தினேஸ் இடப்பக்கம் போனான். அகழியில் விழுந்து செத்தான்.

"பொய் சொல்லிட்டாங்களே கலா!"

"பொய் இல்லங்க. இடப்பக்கம்னுதான் சொன்னாங்க. யாரோட இடப்பக்கம்னு நீங்க கேக்கல."

தினேஸ் கரண்டியைப் பிடித்தபடி அசந்து நின்றான். ஆமாம், கேட்கவில்லைதான்.

பெப்ரவரி போய் மார்ச் வந்தது. சில்வா மிஸ் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. முழு உண்மையும் சொன்னதில்லை. ஒன்று கேட்டால் திருப்பி ஒன்று கேட்பாள். கோபமே வராது. இவன் செத்தால் மட்டும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் கலாராணி சிரித்துக் காட்டுவாள். முதல் வாசல் திறந்தபாடில்லை. ஆனால் சோறு குழையாமல் வரத் தொடங்கியது. அரிசிக்கு மேல் விரல்கோடு அளவு தண்ணீர் என்பது அவனுக்கு இப்போது தானாகவே கை வந்தது.

"மஞ்சள் போட்டீங்களா?" என்று அடுப்படிப் பக்கம் திரும்பாமலே கேட்பாள் கலாராணி.

"போட்டாச்சு! அவங்க என்ன சொல்றாங்க?"

"ஒரு சொல்லு பிடிபடுதில்ல. ஒரு சம்பல் இடிச்சிடுங்க, அதுக்குள்ள பிடிபட்டுடும்."

ஆபீஸில் தினேஸுக்கு வேறு பேச்சே இல்லை. 'பொம்பளைன்னா அப்படி இருக்கணும்' என்பான். வீட்டிலும் சொன்னான்.

"என்ன மூள! என்ன பேச்சு! நம்ம பக்கத்துப் பொம்பளைங்களுக்கு இதுல கால்வாசி இருந்தாப் போதும் கலா."

"ஆமாங்க" என்றாள் கலாராணி.

ஏப்ரலில் ஒரு பின்னேரம் அவள் வெகுநேரம் மொனிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"அழுவுறாங்க."

"சில்வா மிஸ்ஸா?"

"'ரெண்டு பக்கமும் என்னைய நம்புறாங்க. ரெண்டு பக்கமும் என்கிட்ட வேலை வாங்குறாங்க. உனக்கு என்ன வேணும்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் கேட்டதில்ல' அப்படிங்கிறாங்க."

தினேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். ஆனால் வெங்காயம் மட்டும் காரணமில்லை.

"பாவம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கலாராணி மொனிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மவுஸ் பழுதாகிவிட்டது. காலையிலேயே சோறு, பருப்பு, கீரைச் சுண்டல், சம்பல் எல்லாம் செய்து மூடி வைத்துவிட்டுத் தினேஸ் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனான்.

"எத்தனாவது வாசல்ல நிக்கிறீங்க சேர்?" என்று கேட்டார் லத்தீப்.

"முதல் வாசல்."

"மூணு மாசமாவா?"

"சில்வா மிஸ் லேசுல விடுவாங்களா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பேச்சு!"

லத்தீப் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "முதல் வாசல்ல அவ எங்க சேர் பேசுறா? கோட்டையப் புகழ்ந்து ஒரு பாட்டுத்தானே. எப்பப் பார்த்தாலும் அதே பாட்டு. கடைசி வரியில 'கதவு பூட்டல்ல, தள்ளு' என்டு இருக்கும். எங்கட சின்ன மகள் முதல் நாளே தள்ளிட்டா."

வாங்கிய மவுஸைக் கையில் பிடித்தபடி, பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் தினேஸ் நின்றுகொண்டே வந்தான். உட்கார முடியவில்லை. என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டான். வீட்டு வாசலை மிதித்ததும், "கலா!" என்று தோட்டம் அதிரக் கத்தினான்.

உள்ளே ரெங்கம்மா அக்காவும் அவள் புருஷன் இராசையா அண்ணனும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க கிளாக்கரய்யா!" என்றாள் ரெங்கம்மா, விரலை நக்கியபடி. "இந்தப் பருப்பு உங்க கைப்பக்குவமா? எங்க ஆத்தா வச்சாக்கூட இப்படி வராது."

"எல்லாம் இவருதான்" என்றாள் கலாராணி அடக்கமாக. "சோத்துல இருந்து சம்பல் வரைக்கும். நான் கையே வைக்கல."

"அப்ப டீச்சரம்மாவுக்கு எப்பப் பயணம்? பழகுற அன்னிக்குப் போன்னு வாசல்ல நின்னு சொன்னீங்களே. என் காதால கேட்டேனே."

தினேஸ் வாயைத் திறந்தான். எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. இராசையா அண்ணன் மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார். என்னை ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லலாம். அப்படியென்றால் சோதனைக்குப் படிக்காமல் மூன்று மாதமாகப் பூட்டாத கதவுக்கு முன்னால் நின்று செத்த கதையையும் சொல்ல வேண்டும்.

"பெட்டிய... நான் தூக்குறேன்" என்றான்.

அவர்கள் போன பிறகு முற்றத்தில் கால் கழுவிக்கொண்டே கேட்டான். "அந்த இடப்பக்கம்?"

"நான் சொன்னதுதாங்க."

"ராசாகிட்ட சொல்லிட்டேன்னது?"

"அதுவும் நாந்தான்."

"அழுதது?"

கலாராணி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அதுவும்தாங்க" என்றாள்.

தினேஸ் கோபப்படத்தான் எழுந்தான். எழுந்த பிறகு அவனுக்கு ஒன்று உறைத்தது. மூன்று மாதமாக ஆபீஸ் பூராவும் தன் பெண்டாட்டியின் மூளையைத்தான் புகழ்ந்துகொண்டு திரிந்திருக்கிறான். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவளிடம் நேரே ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"உனக்கு என்ன வேணும் கலா?"

"கொட்டகலைக்குப் போய்ப் படிக்கணும்ங்க."

"சரி. போய்ட்டு வா."

திங்கட்கிழமை காலை ரயிலில் பெட்டியை ஏற்றிவிட்டான். கலாராணி ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தாள். அவன் செத்தால் சில்வா மிஸ் சிரிக்கிற அதே சிரிப்பு. ரயில் வளைவில் மறையும்வரை தினேஸ் கையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

அன்று பின்னேரம் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து கதவைத் தள்ளினான். திறந்தது. உள்ளே உண்மையான சில்வா மிஸ் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் ஏழு வாசலையும் முடித்தான். அவள் இரண்டு துரையையும் காட்டிக்கொடுத்தாள்தான். ஆனால் ஒரு கொக்கி இல்லை, ஒரு குத்தல் இல்லை. போ என்றாள், வா என்றாள், தீர்ந்தது. சம்பள நாள் பெயர் கூப்பிடுகிற கிளாக்கர் மாதிரிப் பேசினாள். தினேஸுக்குச் சப்பென்று போய்விட்டது. கம்பியூட்டரை நிற்பாட்டிவிட்டு, இனி நிம்மதியாகக் காலை நீட்டலாம் என்று சாய்ந்தான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. இராசையா அண்ணன் நின்றார். ஒரு கையில் தேங்காய், மறு கையில் தேங்காய் துருவி.

"என்னண்ணே?"

இராசையா நிலத்தைப் பார்த்தார். "டீச்சரம்மா போறப்ப எங்க வீட்டுல சொல்லிட்டுப் போனாங்களாம்ங்க. புதன்கிழமையில இருந்து ஆம்பளைங்களுக்கு நீங்க சமையல் பழக்குறீங்கன்னு. நம்ம பொம்பளைங்கல்லாம் பேசி அனுப்பிட்டாங்க."

தினேஸ் எட்டிப் பார்த்தான். படிக்கட்டில் கையில் சட்டியும் சுளகுமாக இன்னும் ஆறு பேர் நின்றார்கள். கடைசியாக, புத்தம்புதுத் தாச்சிச் சட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஹெட் கிளாக்கர்.