மார்ட்டினி மருந்து எண்பத்தைந்து கிரெயின்

ரங்கூன், 1924 மார்ச் 11

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்திற்கு ஸ்தோத்திரம். இங்கு நான் சுகமில்லை. தாங்கள் சுகமாகவே இருப்பீர்கள்.

ஒரு வாரம் வாய்மூடி இருந்தது போதும், இனி முடியாது. துப்பாக்கிக் கடையில் பதினேழு வருஷக் குமாஸ்தா நான். தலைமைக் குமாஸ்தா இடம் காலியானதும் எங்கள் துரை, பட்டாளம் கழித்த பழைய துப்பாக்கிகளைப் பற்றி, கிட்டங்கிக் காவலாளருக்கு விளங்கும்படி தமிழில் எழுதி அச்சில் காட்டுபவனுக்கே அந்த இடம் என்றார். அதற்காகச் சம்பான் படகேறி ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் போய், அறுத்த வயலில் நின்று, இரண்டு வகைத் துப்பாக்கியிலும் இருபது இருபது வேட்டுச் சுட்டேன். மார்ட்டினி ஹென்றித் தோட்டாவில் கறுப்பு மருந்து எண்பத்தைந்து கிரெயின் எடை, குண்டு நானூற்று எண்பது. பத்து வேட்டுக்குமேல் குழலில் கரி படிந்து கழுதைபோல் உதைத்தது. முந்நூற்று மூன்று என்னும் மற்றத் துப்பாக்கியில் புகையில்லா மருந்து முப்பத்தொன்று, குண்டு இருநூற்றுப் பதினைந்து, கன்றுக்குட்டியின் உதை. இதை எழுதியனுப்பினால் தாங்கள் எங்கே போட்டீர்கள்? வைத்தியப் பகுதியில், பேதிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் நடுவில்!

மறுநாளே என் மனைவியின் சிநேகிதி ஜெயம்மா, காய்ச்சல்காரப் புருஷனோடு தாமுவேயிலிருந்து வந்துவிட்டாள்.

"அண்ணே, எம்பத்தஞ்சு கிரெயின் குடுத்தா உதைக்கும்னு போட்டிருக்கே, யாரை உதைப்பாரு? என்னையா?"

"அது துப்பாக்கி மருந்தும்மா!"

"அப்ப மார்ட்டினி டாக்டரு மருந்து வேணாம். அந்த முப்பத்தொண்ணே குடுங்க. குண்டுன்னா பெரிய மாத்திரைதானே? இவரு முழுங்கிருவாரு."

கடைக்குப் போனால், அதே இடத்துக்குக் காத்திருக்கும் இராமையா எழுந்து கும்பிடுகிறான். "வாங்க டாக்டர், நாக்க நீட்டவா?" துரையும் சிரித்தார். துப்பாக்கியில் எந்தப் பக்கம் குண்டு வெளிவரும் என்பதே இந்த இராமையாவுக்கு இன்னும் சந்தேகம். மூன்று வருஷத்துக்கு முன் பங்கா விசிறிக்கடியில் இருந்த என் மேசையை அபகரித்தவனும் இவனே. சனிக்கிழமை துரை முடிவு சொல்கிறார். ஆகவே வெள்ளிக்கிழமை இதழின் முதற்பக்கத்தில், பிழை முழுவதும் தங்களுடையதே என்று என் பெயரைப் போட்டுத் திருத்தம் வெளியிட வேண்டியது.

கர்த்தர் தங்களையும் குடும்பத்தாரையும் காத்து, தங்கள் அச்சுக்கோப்பவருக்குக் கண்பார்வையும் அருள்வாராக.

பின்குறிப்பு: தங்களுக்கு அனுப்பியதன் நகல் இப்போதுதான் மேசை இழுப்பறையில் அகப்பட்டது. தலைப்பு, "மருந்தும் உதையும்". உள்ளே தோட்டா, துப்பாக்கி என்று வந்த இடங்களையெல்லாம், கூறியது கூறல் குற்றமாயிற்றே என்று, நானே சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். திருத்தம் வேண்டாம். சனிக்கிழமை துரை சொல்லப்போவது எனக்கு இப்போதே தெரியும். ஆனால் இராமையாவைப் பற்றி எழுதியதில் ஓரெழுத்தும் பிழையில்லை. அதற்காகவே இந்தக் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆகையால் கையெழுத்திடாமலே தபாலில் போடுகிறேன்.