பறிமுதல் அறையில் நடந்த ஆய்வு

சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளில்தான் மனிதன் நாகரிகம் அடைந்தான் என்று பள்ளிக்கூடங்களில் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சக்கரத்தால் என்ன கண்டோம்? கண்டவனும் கண்ட இடத்துக்குப் போய் வந்தான். நாகரிகம் பிறந்தது பூட்டைக் கண்டுபிடித்த அன்றுதான். அந்தப் பூட்டுக் குலத்தின் கடைக்குட்டி, ஆனால் குலத்திலேயே படு சூட்டிகை, டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியான கேம் கன்சோலுக்குள் குடியிருக்கும் 'மண்டலப் பூட்டு'.

அதன் மகிமை தெரியாத பாமரர்களுக்காக ஒரு வார்த்தை. கம்பெனி இந்த உலகத்தைச் சில மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு மண்டலத்தில் வாங்கிய விளையாட்டு டிஸ்க், இன்னொரு மண்டலத்தில் வாங்கிய கன்சோலில் ஓடாது. டிஸ்க்கும் உங்கள் காசு, கன்சோலும் உங்கள் காசு. பெண்ணுக்கும் சம்மதம், மாப்பிள்ளைக்கும் சம்மதம், நடுவில் ஒரு பெரியப்பா மட்டும் முறைத்துக்கொண்டு நிற்பாரே, அந்தப் பெரியப்பாதான் மண்டலப் பூட்டு.

பெரியப்பாவுக்குக் காவலாகக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் 'பூட்டுப் பாதுகாப்புப் பிரிவு' என்று ஒன்று இயங்கியது. அதன் துணை மேலாளரை அலுவலகமே 'பூட்டு சார்' என்று அழைத்தது. வாழ்க்கையில் ஒரு கேம்கூட ஆடாதவர். ஆடத் தெரியாதவர்தான் ஆடுகிறவர்களைக் கண்காணிக்கத் தகுதியானவர் என்பது நிர்வாகத்தின் தீர்க்கமான முடிவு. இதே தத்துவப்படி அலுவலகத்தின் தண்ணீர்க் குழாய்களைக் கணக்குப் பிரிவு பழுதுபார்த்து வந்தது. மாடிப்படியெல்லாம் ஈரமாக இருந்ததற்கு அதுவே காரணம்.

பூட்டைத் திறந்துவிட்ட கன்சோல்களை ஊரெங்கும் தேடிப் பிடித்து வந்து, தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த 'பறிமுதல் அறை'யில் அடுக்குவார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பிரிவின் ஊழியர்கள் அனைவரும் அந்த அறைக்குள் 'ஆய்வு'க்குப் போய்விடுவார்கள். "சுடுடா! அவனை விடாதே! செத்தான்!" என்று உள்ளேயிருந்து ஆய்வுக் குரல்கள் வரும். பூட்டு சார் அந்தப் பக்கம் போகும்போது ஒரு கணம் நின்று பூரித்துவிட்டுப் போவார். சாப்பிட்ட கை காயும் முன்னே இப்படி உழைக்கிற ஊழியர்கள் எந்த அலுவலகத்துக்கு வாய்ப்பார்கள்?

ஆய்வுக்கு விதி வகுத்துக் கொடுத்ததும் அவரே. அறைக்குள் வரும் எந்த டிஸ்க்கையும் பறிமுதலான கன்சோலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்க முடியும் என்பதை நகல் எடுக்காமல் எப்படி நிரூபிப்பது? எடுத்தது ஒரே ஒரு நகலாக இருந்தால் அது தற்செயலாக வந்தது என்று யாராவது வாதாடக்கூடும் அல்லவா? ஆகவே ஆளுக்கு ஒன்று.

அந்த அறைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது ஒரு மெக்கானிக்கின் கன்சோல். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் கடை. 'இங்கு திறந்து தரப்படும், திருடித் தரப்படாது' என்று வாசலில் பலகையே வைத்திருந்தார். பிரிவினர் பலகையின் முதல் பாதியை மட்டும் படம் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் நடையாய் நடந்தார்.

"சார், அதுல நானே எழுதின சதுரங்கம் இருக்கு சார். எங்க மாமனாருக்குக் கை நடுக்கம். கடையில விக்கற கேம் எல்லாம் அவர் பட்டனைத் தேடறதுக்குள்ள அவரைத் தோக்கடிச்சுடும். இது காத்துக்கிட்டு இருக்கும்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்றார் பூட்டு சார்.

"யாரைக் கேக்கறது? என் மூளையைக் கேட்டுத்தான்."

"அந்தப் பெட்டியில உங்க மூளைக்கு அனுமதி இல்லைங்க. கம்பெனி மூளைக்குத்தான் அனுமதி."

"காசு குடுத்து நான் வாங்கின பெட்டி சார்."

"பெட்டியை வாங்கினீங்க. அதைத் திறக்கிற உரிமையை வாங்கலையே?"

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். உயர்ந்த தத்துவங்களைக் கேட்ட பாமரர்கள் அப்படித்தான் சொறிவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பூட்டு சாரின் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவள் கடல் கடந்த ஊரில் இருக்கும் அவருடைய ஒரே மகள். அவள் கேம்களுக்குப் படம் வரைகிறவள். "படம் போட்டு எவனாவது பொழைப்பானா?" என்று அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விமானம் ஏறியவள். அதற்குப்பின் போன் வந்தால் அம்மாவோடு மட்டும்தான் பேசுவாள். இப்போது அவளும் கூட்டாளிகளுமாக நாலே பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்து முடித்திருந்தார்கள். டிஸ்க்கின் மேல், 'அப்பாவுக்கு. ஆடி முடித்துவிட்டு நீங்களே கூப்பிடுங்கள்' என்று எழுதியிருந்தது.

பூட்டு சார் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். மகளின் குரலைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! ஊழியர் சலுகையில் கிடைத்து, கூடத்தில் தூசி படிந்து கிடந்த கன்சோலில் டிஸ்க்கைப் போட்டார். திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின.

"என்னங்க சொல்லுது?" என்றாள் மனைவி.

"இந்த டிஸ்க் நம்ம மண்டலத்துக்கு உரியது இல்லையாம்."

"பெத்தவ நான் இங்க உக்காந்திருக்கேன். உரியது இல்லைன்னு சொல்ல இது யாரு?"

"அப்படிப் பேசாதே. பூட்டு எவ்வளவு சுத்தமா வேலை செய்யுது பார்த்தியா?"

"நல்லாவே செய்யுது. பொண்ணை வீட்டுக்குள்ள விடலை."

அந்த கேமை இங்கே விற்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. இந்த மண்டலத்து மக்களுக்கு இப்படிப்பட்ட கேம் பிடிக்காது என்று, மக்களைக் கேட்டுத் தொந்தரவு செய்யாமல், கம்பெனி தானாகவே கண்டுபிடித்திருந்தது.

பூட்டு சார் நேர்மையான வழியில் இறங்கினார். தனக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கும்படி பிரிவுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் மறுநாள் முறைப்படி துணை மேலாளரின் மேசைக்கு, அதாவது அவரிடமே, வந்தது. படித்தார். விண்ணப்பதாரரின் நிலைமை உருக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விதி விதிதான். 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, அழுத்தமாக ஒரு கோடும் இழுத்தார். மாலையில் வீட்டுக்கு வந்து, "அந்த ஆளுக்கு ஈவு இரக்கமே கிடையாது" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார்.

நேர்மை தீர்ந்துபோனால் மிஞ்சுவது 'ஆய்வு'. டிஸ்க்கைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மதிய இடைவேளையில், தன் பணிக்காலத்திலேயே முதன்முறையாகப் பறிமுதல் அறைக்குள் நுழைந்தார். தலைமை ஆய்வாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"சார், நீங்களா! ஆடப் போறீங்களா?"

"ஆய்வு."

"அதான் சார் கேக்கறேன், ஆய்வு ஆடப் போறீங்களா? மெக்கானிக்கோட பெட்டியிலயே போட்டுத் தரேன் சார். எந்த ஊர் டிஸ்க்கா இருந்தாலும் முகம் சுளிக்காம ஓடும்."

பெட்டியைப் போட்டதும் முதலில் ஒரு சதுரங்கப் பலகை வந்தது. காய்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கீழே, 'மாமா, அவசரமில்லை, யோசிச்சு வைங்க' என்று எழுதியிருந்தது. "அனுமதியில்லாத மூளை" என்று முணுமுணுத்தபடி பூட்டு சார் அதைத் தள்ளிவிட்டார். மகளின் கேம் திறந்தது.

ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மொட்டை மாடிக்குப் போக நினைக்கும் ஒரு சின்னப் பெண். அவள் போகிற கதவையெல்லாம் முன்னால் ஓடிப்போய்ப் பூட்டும் ஒரு காவல்காரர். அடர்ந்த புருவம், தொப்புளுக்கு மேல் ஏற்றிக் கட்டிய பேன்ட், இடுப்பில் சாவிக்கொத்து.

"சார், அந்த ஆளை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்ற ஆய்வாளர், பூட்டு சாரின் பேன்ட்டைப் பார்த்துவிட்டு அடக்கமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

காவல்காரரை அடிக்க முடியவில்லை, ஏமாற்றவும் முடியவில்லை. அலுத்துப்போன பூட்டு சார் பொம்மைப் பெண்ணைக் காவல்காரரின் பக்கத்தில் படியில் உட்கார வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். கொஞ்ச நேரத்தில் காவல்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தானாகவே இடுப்புச் சாவியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். மொட்டை மாடிக் கதவு திறந்தது. திரை நிறைய வானம்.

பூட்டு சார் அழுதார். வாய்விட்டே அழுதார். இத்தனை வருஷம் தன்னை மகள் வெறுத்தாள் என்று நினைத்திருந்தவருக்கு, அவள் தன் புருவத்தைக்கூட மறக்கவில்லை என்பது தாங்க முடியாததாக இருந்தது.

"சார், நகலுக்கு ஒரு கையெழுத்து" என்று ஆய்வாளர் காகிதத்தை நீட்டினார். "உங்க விதிதான் சார். ஆளுக்கு ஒண்ணு." கண்ணைத் துடைத்த கையாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, தாழ்வாரத்துக்கு ஓடிப்போய் மகளுக்குப் போன் போட்டார்.

"நான்தாம்மா. ஆடி முடிச்சுட்டேன்."

"அந்தத் தாத்தா சாவியைக் குடுத்தாராப்பா?" என்றாள் மகள்.

"தாத்தாவா? எனக்கு அவ்வளவு வயசா தெரியுது?"

இருவரும் சிரித்தார்கள். அதற்குப்பின் தினமும் பேசினார்கள்.

சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. ஆய்வாளருக்கு ஒரு மச்சான் இருந்தார், மச்சானுக்கு ஒரு கடை இருந்தது. சீக்கிரமே நடைபாதையில் சீப்பும் கைக்குட்டையும் விற்பவரிடம்கூட அந்த கேம் கிடைத்தது. அங்கிருந்து இணையத்துக்கு ஏறி, கடல் கடந்து, மகளின் ஊருக்கே போய்ச் சேர்ந்தது. அன்று அவள் போனில் அழுதாள்.

"நாலு பேர்ப்பா நாங்க. கையிலிருந்த எல்லாத்தையும் இதுலதான் போட்டோம். இது வித்தாத்தான் அடுத்தது. இப்ப எல்லாரும் ஓசியிலயே ஆடறாங்க. உங்க ஊர்லேருந்துதான் கிளம்பியிருக்காம். விக்கவே விக்காத ஊர்லேருந்து எப்படிப்பா திருட்டு நகல் வரும்?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? "விசாரிக்கறேம்மா" என்றார் பூட்டு சார்.

விசாரணை நடந்தது. பெரிய மேலாளர் தலைமை தாங்கினார். ஒவ்வொரு நகலிலும் அதை எடுத்த பெட்டியின் எண் பதிந்திருக்குமாம், இதில் பதிந்திருந்தது மெக்கானிக்கின் பெட்டி எண். மெக்கானிக்கை வரவழைத்தார்கள்.

"சார், என் பெட்டி அன்னியிலேருந்து உங்க அறையிலதானே இருக்கு?"

"அப்ப பெட்டி உங்களுதுன்னு ஒத்துக்கறீங்க."

"என்னுதுதான். திருப்பிக் குடுங்கன்னுதானே நாயா அலையறேன்?"

பெரிய மேலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "எழுதிக்கோங்க. திருட்டுக்குப் பயன்பட்ட பெட்டியை மீட்க இவர் பலமுறை முயற்சி பண்ணியிருக்கார்."

பூட்டு சார் எழுந்து நின்றார். "சார், நகலுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

"உங்க கையெழுத்து இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப அது நகல் இல்லை, ஆவணம்."

"தெருவில விக்கறது?"

"அதுல உங்க கையெழுத்து இருக்கா?"

"இல்லை."

"அதான் திருட்டு." பெரிய மேலாளர் குரலைத் தணித்தார். "துணை மேலாளர் கோட்டை விட்டுட்டார்னு எழுதினா பிரிவையே மூடணும், உங்க வேலையும் போகும். மெக்கானிக் பண்ணினார்னு எழுதினா பிரிவைப் பெருசாக்கலாம். என்ன எழுதலாம், நீங்களே சொல்லுங்க."

பூட்டு சார் மெக்கானிக்கைப் பார்த்தார். அவரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்பதற்கு யாரும் நிற்கலாம், உட்கார்வதற்குத்தான் சில சமயங்களில் நெஞ்சழுத்தம் வேண்டும். பூட்டு சார் உட்கார்ந்தார். புகாரில் முதல் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டார்.

கடைக்குச் சீல் வைத்த பிறகு மெக்கானிக் ஒன்றே ஒன்று கேட்டார். "மாமனார் தினமும் கேக்கறார் சார். அந்தச் சதுரங்கத்தை மட்டும் ஒரு நகல் எடுத்துக் குடுங்களேன்."

"நகலா!" என்று தலைமை ஆய்வாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த ஆண்டின் மிகப்பெரிய திருட்டைக் கண்டுபிடித்ததற்காக மாதக் கூட்டத்தில் பூட்டு சாருக்கு அவர் பேர் பொறித்த ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், ஆய்வாளர் விசிலடித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷீல்டை மேசைமேல் வைத்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல், நடந்ததை எல்லாம் மனைவியிடம் ஒப்பித்தார். எல்லாம் கேட்டுவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மகளிடமிருந்து வீடியோ கால் வந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா! பிடிச்சுட்டீங்களாமே! உங்க கம்பெனியிலேருந்து எங்களுக்கு மெயில் வந்துச்சு. எனக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டீங்க?"

"அது... கடமைம்மா."

"யாருப்பா அவன்? எங்க நாலு பேர் பொழப்புலயும் மண்ணைப் போட்டவன்? அவன் பேரையாவது சொல்லுங்க."

"அவன் வந்து... ஒரு..." என்று பூட்டு சார் இழுத்தார். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசைமேல் இருந்த ஷீல்டை எடுத்து, போனுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

"தங்க எழுத்துல போட்டுக் குடுத்திருக்காங்க. நீயே படிச்சுக்கோம்மா."