உண்ணத் தகாத வானவில்

ஒரு காட்டில் தடைப் பட்டியல் ஒன்று இருந்தது. ஊமத்தங்காய், போதைக் காளான் என்று மொத்தம் பதினேழு பெயர்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் காவல் காத்தது காத்தமுத்து என்ற முள்ளம்பன்றி.

ஒருநாள் சுகந்தன் என்ற புனுகுப்பூனை மூட்டையோடு வந்தது. உள்ளே பளபளப்பான பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் 'வானவில்–4. ஆராய்ச்சிக்கு மட்டும். உண்ணத் தகாதது' என்று அச்சடித்திருந்தது.

"என்ன பொடி இது?" என்றது காத்தமுத்து.

"காளானில் இருக்கிற சமாச்சாரம்தான் சார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதன் மூலக்கூறு வாலை மட்டும் லேசாகத் திருகிவிட்டோம். அதனால் இது காளான் இல்லை. பட்டியலைப் பாருங்களேன்."

காத்தமுத்து பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தது. வானவில் இல்லை. வழிவிட்டது.

அந்த வாரமே காடெங்கும் ஆராய்ச்சி பெருகியது. முயல்கள் கூட்டமாக ஆராய்ந்தன. ஒரு காட்டுப்பன்றி மூன்று நாள் தன் நிழலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. சாவடிக்குப் பக்கத்து மருதமரத்தில் குடியிருந்த தாண்டவராயன் என்ற குரங்கும் ஒரு பொட்டலத்தை வாயில் போட்டது. அது காத்தமுத்துவின் சிநேகிதன். மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான்.

"காத்து, கிளையெல்லாம் கையை நீட்டிக் கூப்பிடுதுடா. விட்டாப் பிடிச்சுக்கும்" என்று உச்சியிலிருந்து சொல்லிவிட்டுக் கையை விட்டது குரங்கு. ஒரு கிளையும் பிடிக்கவில்லை. இடுப்பு முறிந்தது. இனி மரம் ஏற முடியாது என்றார் வைத்தியர்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டது காத்தமுத்து.

"வலி கிடக்கட்டும். மரம் எதுக்குப் பொய் சொல்லுச்சு?"

காத்தமுத்துவுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. நேரே போய்ப் புனுகுப்பூனையின் மூட்டையைப் பிடுங்கிச் சாவடிக்குள் பூட்டியது.

கரடி நீதிபதி விசாரித்தார். "பட்டியலில் இல்லாத பொருளைப் பறித்தால் அதற்குப் பெயர் திருட்டு. திருட்டுக்குச் சட்டம் இருக்கிறது" என்று சொல்லி, மூட்டையைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். காத்தமுத்துவுக்கு ஒரு மாதம் பணி இடைநீக்கம்.

திரும்பி வந்ததும் அது மனு எழுதியது. ஆமை தலைமையில் குழு அமைந்தது. எட்டு மாதம் கழித்து வானவில்–4 பதினெட்டாவது பெயராகப் பட்டியலில் ஏறியது. காத்தமுத்து விவரம் தெரிந்த பிராணி. ஐந்து, ஆறு, ஏழு என்று நூறு வரைக்கும் எல்லா வானவில்லையும் மனுப் போட்டு, குழுவின் காலில் விழுந்து, சேர்க்க வைத்தது.

மறுநாள் காலை சுகந்தன் வந்தது. பட்டியல் முழுவதையும் பொறுமையாகப் படித்தது.

"அருமையான வேலை சார்" என்று மனதாரப் பாராட்டிவிட்டு, மூட்டையை அவிழ்த்துக் காட்டியது. உள்ளே 'மத்தாப்பு–1'.

காத்தமுத்து மரத்தடியில் படுத்திருந்த குரங்கைப் பார்த்தது. பிறகு சாவடி மூங்கிலைத் தூக்கி வழிவிட்டது.

நீதி: சட்டத்தின் முன் எல்லோரும் சமம். ஆகையால் எப்போதும் சட்டத்துக்கு ஒருநாள் முன்னால் வந்துவிட வேண்டும்.